சுவரில் புது அந்துப்பூச்சியா? துடைப்பத்தை எடுக்காதீர்கள்

மழை விட்ட இரவில், வாசல் விளக்கடியில் பச்சை இலை ஒன்று ஒட்டியிருப்பதாக நினைத்துத் தட்டிவிடப் போனேன். இலை நடுங்கியது! பச்சையும் வெள்ளையும் இளஞ்சிவப்பும் குழைந்த, உள்ளங்கை அகல அந்துப்பூச்சி.

இப்படி ஏதாவது வந்தால் தொடாதீர்கள். இறக்கையின் நுண்செதில்கள் உதிர்ந்தால் அடையாளமே போய்விடும். நேர் மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று. அளவு தெரிய அருகில் ஒரு நாணயம். ஃபிளாஷ் வேண்டாம், நிறம் வெளுத்துவிடும். உட்காரும் விதத்தையும் பாருங்கள். ஜெட் விமானம்போல இறக்கைகளைப் பின்னுக்குச் சாய்த்திருந்தால் அது பருந்து அந்துப்பூச்சிக் குடும்பமாக இருக்கலாம்.

உண்மையில், படத்தைவிட எனக்கு உதவியது தோட்டம்தான். மறுநாள் நந்தியாவட்டையில் ஒரு கொழுத்த பச்சைப் புழு. வால்பக்கம் சிறு கொம்பு, தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண்கள், கண்களைப் போன்ற புள்ளிகள்தான். அரளி, நந்தியாவட்டை இலைகளைத் தின்று வளரும் டாஃப்னிஸ் நீரி என்னும் பருந்து அந்துப்பூச்சிதான் வாசலுக்கு வந்தது என்று அப்போது உறுதியானது.

உயிரினங்களை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தோடு தேதி, ஊர், அருகிலுள்ள செடி மூன்றையும் பதியுங்கள். செயலி முதலில் காட்டும் பெயரை அப்படியே நம்ப வேண்டாம். அறிந்தவர்கள் உறுதிசெய்யும்வரை பொறுங்கள். படமெடுத்ததும் விளக்கை அணைத்துவிட்டால் விருந்தாளி தானே கிளம்பிவிடும்.