பிட் ஸ்டாப் கணக்கு: நோட்டும் பென்சிலும் வைத்து ஃபார்முலா ஒன் பார்ப்பது எப்படி?

முன்னால் போன கார் டயர் மாற்றப் பாதையோரம் உள்ள பிட் பகுதிக்குள் போகிறது, திரும்பி வரும்போது இரண்டாவதாக நிற்கிறது. பாதையில் யாரும் அதை முந்தவில்லை. இது எப்படி என்று எனக்குப் பிடிபட ஒரு சீசன் முழுக்க ஆனது. இப்போது பெங்களூரு அல்சூர் வீட்டில் அக்கா மகன் எண்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.

1. என்ன வேண்டும்?

டிவியில் பந்தயம், போனில் எஃப்1 (ஃபார்முலா ஒன்) ஆப்பின் லைவ் டைமிங் (கார்களின் நேரமும் இடைவெளியும் உடனுக்குடன் வரும் பக்கம்), கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில். எக்செல் வேண்டவே வேண்டாம். ஹங்கேரியில் ஒரு சுற்றுக்கு சுமார் 80 நொடிதான். தட்டச்சு செய்து நிமிர்வதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும்.

2. நோட்டில் கோடு

முதல் ஆறு கார்களுக்கு ஆளுக்கொரு பத்தி: சுற்று, டயர், இடைவெளி. மழை இல்லாத பந்தயத்தில் இரண்டு வகை டயராவது போட்டாக வேண்டும். அதனால் எல்லோரும் ஒருமுறையாவது உள்ளே வருவார்கள்.

3. பிட் இழப்பு (நான் தடுக்கி விழுந்த இடம்)

டயர் மாற்ற இரண்டரை நொடி என்று டிவியில் காட்டுகிறார்கள். அதுதான் இழப்பு என்று நினைத்துக்கொண்டு பல பந்தயங்களில் தப்பாகக் கணக்குப் போட்டேன். உண்மையில் பிட் லேனில் (டயர் மாற்றும் இடத்துக்குப் போய்வரும் தனிப்பாதை) பெரும்பாலான இடங்களில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. பக்கத்துப் பந்தயப் பாதையில் மற்ற கார்கள் முழு வேகத்தில் பறக்கும். மொத்தத்தில் இழப்பு 20 நொடியை ஒட்டி வரும்.

அதை நீங்களே அளக்கலாம். முதலில் உள்ளே வரும் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் போகிற, இன்னும் டயர் மாற்றாத ஒரு காரையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் முன் இடைவெளி 3 நொடி, வெளியே வந்து ஒரு முழுச் சுற்று முடித்த பிறகு 24 நொடி என்றால் இழப்பு 21. முழுச் சுற்று முடியும்வரை பொறுங்கள். அவசரப்பட்டால் பாதி இழப்புதான் கணக்கில் வரும். முதலிடத்தில் ஓடுகிறவரிடமிருந்து உள்ள இடைவெளியையும் நம்பாதீர்கள். அவரே உள்ளே போனால் அந்தப் பத்தி முழுக்க மாறிவிடும்.

4. யாரை முதலில் அழைத்தார்கள்?

புது டயர் போட்டவர் அந்தச் சுற்றிலேயே ஒன்றிரண்டு நொடி வேகமாக வருவார். முன்னால் போகிறவர் பழைய டயரில் இழுத்துக்கொண்டிருப்பார். அவர் உள்ளே போய் வருவதற்குள் இடம் கைமாறிவிடும். இதுதான் அண்டர்கட்.

2024 ஹங்கேரி பந்தயத்தில் இதை ஒரே அணிக்குள் பார்த்தோம். மெக்லாரன் அணியின் பியாஸ்ட்ரி முன்னிலையில் இருந்தார், அதே அணியின் நாரிஸ் அவருக்குப் பின்னால். வேறு அணியின் ஹாமில்டன் முன்பே டயர் மாற்றிவிட்டதால், அவரைச் சமாளிக்க மெக்லாரன் 45ஆம் சுற்றில் நாரிஸை அழைத்தது. "மாமா, பின்னாடி இருக்கிறவனை ஏன் முதல்ல கூப்பிடுறாங்க?" என்றான் பையன். பியாஸ்ட்ரியை 47இல்தான் அழைத்தார்கள். வெளியே வந்தபோது நாரிஸ் முன்னால். இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அணி ரேடியோவில் மன்றாடியது. 70 சுற்றுப் பந்தயத்தில் 68ஆம் சுற்றில்தான் நாரிஸ் வழிவிட்டார். பியாஸ்ட்ரிக்கு அது முதல் ஃபார்முலா ஒன் வெற்றி. என் நோட்டில் 45க்கும் 47க்கும் நடுவே இழுத்த அம்புக்குறி இன்னும் இருக்கிறது. முன்னால் ஓடுகிறவருக்கே முதல் அழைப்பு என்பதுதான் என் கட்சி. அன்று பியாஸ்ட்ரிக்கு அது கிடைத்திருக்க வேண்டும்.

பின்னர் சேர்த்தது: டிவியும் ஆப்பும் ஒத்துப்போகவில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். இணையத்தில் வரும் படம் தாமதமாக வரும். எண்களுக்கு ஆப்பை மட்டும் பாருங்கள்.

விபத்து போன்ற நேரத்தில் கார்களை மெதுவாக வழிநடத்தும் சேஃப்டி கார் வந்தால் எல்லாக் கார்களும் மெதுவாகப் போகும். அதனால் பிட் இழப்பு கிட்டத்தட்ட பாதியாகும். அப்போது பழைய 21ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் புது எண்ணை எழுதுங்கள். அழிரப்பர் வேண்டாம். பச்சைக் கொடி வந்து பந்தயம் முழு வேகத்துக்குத் திரும்பியதும் பழைய எண் மறுபடி தேவைப்படும்.