ஒன்ராறியோ ஏரிக்கரைக்குப் புதிதாக வருபவர்களுக்கு: தூண்டிலும் படகும் பக்கத்து ஆளும்

வந்த முதல் கோடையிலேயே ஏரிப்பக்கம் போயிருப்பீர்கள். கரையில் வரிசையாக நின்று தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்து, நாங்களும் ஒன்று வாங்கிப் போட்டால் என்ன என்று யோசித்திருப்பீர்கள். தாராளமாகப் போடலாம். புதிய நாட்டில் முகம் தெரியாத ஒருவரோடு பேச்சுத் தொடங்க இதைவிட இலகுவான இடம் எனக்குத் தெரியாது. "ஏதாவது பட்டதா?" என்ற ஒரு கேள்வி போதும். ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் கையாலும் தலையாலும் மிச்சத்தைக் கதைத்துவிடலாம்.

தடி வாங்கக் காசு செலவழிக்கவும் அவசரப்பட வேண்டாம். ஒன்ராறியோ மீன்பிடிப்போர், வேட்டையாடுவோர் சம்மேளனம் நடத்தும் 'டாக்கிள்ஷெயார்' திட்டத்தில் சில நூலகங்களும் மாகாணப் பூங்காக்களும் தடி, ரீல், இரைப்பெட்டி எல்லாவற்றையும் புத்தகம் இரவல் கொடுப்பதுபோலக் கொடுக்கின்றன. உங்கள் ஊர் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஒரு கோடை இரவலில் ஓடினால், உங்களுக்கு என்ன தடி தேவை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

தடிக்கு முதல் லைசன்ஸ். 18 வயதிலிருந்து 64 வயது வரையுள்ளவர்கள் (கனடாவுக்கு வந்து ஆறு மாதம் ஆகாதவர்களென்றால் 64 வயதுக்கு மேற்பட்டவர்களும்) லைசன்ஸ் இல்லாமல் தூண்டில் போட முடியாது. பொதுவாக மூன்று ஆண்டு செல்லுபடியாகும் அவுட்டோர்ஸ் கார்ட் என்ற அடையாள அட்டையும் அதனோடு மீன்பிடி லைசன்ஸும் எடுக்கவேண்டும். புதிதாக வந்தவர்கள் அதிகம் பிழைவிடுவது இந்த இடத்தில்தான். 'ஒன்ராறியோவாசி' என்ற வகையில் லைசன்ஸ் எடுப்பதென்றால், உங்கள் முதன்மை வீடு இங்கே இருக்கவேண்டும்; அதோடு விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 12 மாதத்தில் தொடர்ச்சியாக 6 மாதமாவது இங்கே வசித்திருக்கவேண்டும். ஏப்ரலில் வந்து இறங்கியவர் ஜூலையில் மீன் பிடிக்கப் போனால், வீட்டு வாடகை ஒப்பந்தம் கையில் இருந்தாலும் வெளியார் லைசன்ஸ்தான் எடுக்கவேண்டும். கட்டணம் கூட என்பதால் மனம் வராது. அப்படியென்றால் ஆறு மாதம் பொறுத்திருங்கள். பிழையான வகையை எடுத்துவிட்டுக் கரையில் அதிகாரிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். வெளியார் என்று கணக்கிடப்படும் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், லைசன்ஸ் உள்ள ஒருவரோடு சேர்ந்து நின்று பிடிக்கலாம்; பிடிக்கிற மீன் அந்தப் பெரியவரின் கணக்கில் சேரும்.

லைசன்ஸில் ஸ்போர்ட், கொன்சர்வேஷன் என இரண்டு உண்டு. வித்தியாசம் நீங்கள் வைத்துக்கொள்ளக்கூடிய மீனின் எண்ணிக்கையில். தெற்கு ஒன்ராறியோவின் பல ஏரிகளில் ஸ்போர்ட் லைசன்ஸுக்கு ஆறு பாஸ் மீன், கொன்சர்வேஷனுக்கு இரண்டு. முதல் ஆண்டில் இரண்டு பாஸ் பிடிப்பதே பெரிய காரியம். குறைந்த செலவு லைசன்ஸை எடுங்கள். கனடாவில் வசிப்பவர்களுக்கு லைசன்ஸ் இல்லாமலே மீன் பிடிக்க ஆண்டில் நான்கு முறை வாய்ப்பு உண்டு: பெப்ரவரியில் குடும்ப நாள் வார இறுதி, அன்னையர் தின வார இறுதி, தந்தையர் தின வார இறுதி, கோடைத் தொடக்கத்தில் குடும்ப மீன்பிடி வாரம். ஆறு மாதம் ஆகாதவர்கள் இதை நம்பி இறங்கவேண்டாம்.

அடுத்தது சட்டப் புத்தகம். மாகாணத்தை 20 மீன்வள வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சிம்கோ ஏரி 16இல், ஸ்கூகொக்கும் றைஸ் ஏரியும் 17இல், ஒன்ராறியோ ஏரி 20இல். ஒரு வலயத்தில் திறந்திருக்கும் மீன் அடுத்த வலயத்தில் மூடியிருக்கலாம். ஒரே வலயத்துக்குள்ளேயே சில ஆறுகளுக்கும் குளங்களுக்கும் தனி விதி, சில இடங்களில் முழுத்தடை. எனவே போகிற ஏரியின் பெயரை வைத்து அன்றைக்கே பாருங்கள். சென்ற ஆண்டு யாரோ சொன்னது இந்த ஆண்டுக்கு உதவாது.

ஒரு மே மாதக் காலை, முழங்கால் அளவு தண்ணீரில் ஒரு பெரிய பாஸ் அசையாமல் நிற்பதைக் கண்டு இரையை நேரே அதன் முன்னால் போடப் போனேன். பக்கத்தில் நின்ற வயதான பெண்மணி என் முழங்கையைத் தொட்டு, "கொஞ்சம் குனிந்து பாருங்கள்" என்றார். சேற்றுத்தரையில் ஒரு தட்டு அளவுக்கு வட்டமாகத் துப்புரவாக்கிய இடம், நடுவில் கூழாங்கற்கள், அதற்கு மேலேதான் அந்த மீன் வாலை மெதுவாக ஆட்டிக்கொண்டு நின்றது. அது ஆண் மீன். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண்தான் முட்டைக்கும் பொரித்த குஞ்சுக்கும் காவல். அதைச் சில நிமிடம் கரைக்கு இழுத்துவிட்டுத் திருப்பி விட்டாலும், அந்த இடைவெளிக்குள் சன்ஃபிஷ், ரவுண்ட் கோபி போன்ற சிறு மீன்கள் வந்து முட்டையைத் தின்றுவிடும். தெற்கில் பல ஏரிகளில் பாஸ் காலம் ஜூன் வரை திறக்காததன் காரணத்தை எனக்கு விளங்கப்படுத்தியவர் அவர்தான். அதற்குப் பிறகு எந்தத் தடைக்காலமும் எனக்கு அதிகாரிகளின் கெடுபிடியாகத் தெரியவில்லை.

கரையில் நிற்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஏற்கெனவே நிற்பவருக்குப் பக்கத்தில் இடம்பிடிக்க முதல், "இங்கே நிற்கலாமா?" என்று கேளுங்கள். யாரும் மறுத்து நான் கண்டதில்லை. ஆனால் கேட்காமல் நிற்பவரை ஒருவருக்கும் பிடிப்பதில்லை. நேராக முன்னே வீசுங்கள். அடுத்தவர் தங்கூசிக்குக் குறுக்கே வீசவேண்டாம். சிக்கிவிட்டால் யாருடைய பிழை என்று பாராமல் உங்கள் நூலை வெட்டிக்கொடுங்கள். ஒரு தூண்டில் முள்ளும் ஈயக்குண்டும் போனால் போகட்டும். எந்த இடத்தில் பிடித்தீர்கள் என்று துருவிக் கேட்கவேண்டாம். பலருக்கு அது வருடக்கணக்கில் தேடிக் கண்டுபிடித்த இடம். எவ்வளவு ஆழம், என்ன இரை என்று கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்கள், சிலர் தங்கள் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தே தந்துவிடுவார்கள்.

பக்கத்து ஆளின் தடி வளைந்தால், அதுவும் பெரிய மீன் என்று தெரிந்தால், உங்கள் நூலைச் சுற்றி எடுத்துவிடுங்கள். இடத்தில் அத்தாங்கு இருந்தால் கையில் எடுத்துக்கொண்டு, "வேண்டுமா?" என்று கேளுங்கள். பிடிக்கத் தெரிந்துவைத்திருங்கள்: வலையை முன்கூட்டியே தண்ணீருக்குள் இறக்கி அசையாமல் வைத்திருக்கவேண்டும். மீனைத் துரத்தக்கூடாது. தடிக்காரர் மீனைத் தலைப்பக்கமாக வலைக்கு மேலே கொண்டுவருவார். தலை உள்ளே வந்ததும் மேலே தூக்குங்கள். வால் பக்கத்தால் அள்ளப்போனால் மீன் முன்னே பாய்ந்துவிடும், வலை நூலில் பட்டு முள்ளும் கழன்றுவிடும். இந்த ஒரு உதவியைச் சரியாகச் செய்தவரின் பெயரை அந்தக் கரையில் மறக்கமாட்டார்கள்.

போகும்போது மிஞ்சிய மண்புழுவை அடுத்தவருக்குக் கொடுப்பது இங்கே வழக்கம். கொடுக்க ஆளில்லையென்றால் குப்பைத்தொட்டி. உயிர் இரையை ஏரியில் விடுவதும், இரைவாளியை, அதிலுள்ள தண்ணீரைக்கூட, தண்ணீருக்குள்ளோ கரையிலிருந்து 30 மீற்றருக்குள்ளோ கொட்டுவதும் சட்டவிரோதம். ஓர் ஏரியின் நோயும் வேண்டாத உயிரினமும் இன்னோர் ஏரிக்குப் போகும் வழி அதுதான். அறுந்த தங்கூசியையும் விட்டுவிட்டு வராதீர்கள். பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும்.

பிடித்த மீனை வைத்துக்கொள்வதென்றால் எண்ணிக்கை கவனம். என்ன மீன் என்று அடையாளம் காணும்படி, தோலைக் கொஞ்சமாவது விட்டுத்தான் கொண்டுபோகவேண்டும். நீங்கள் பிடித்ததை விற்கக்கூடாது. உண்ணக்கூடிய மீனைக் கெடவிடுவதும் குற்றம். இலையுதிர் காலத்தில் ஆறுகளில் சால்மன் ஏறும்போது கூட்டத்தைப் பார்த்து ஆசை வரும்; வாயில் அல்லாமல் உடம்பில் முள் மாட்டிய மீனை உடனே விட்டுவிடவேண்டும், வேண்டுமென்றே மாட்டி இழுப்பது குற்றம். கொன்சர்வேஷன் அதிகாரி வந்தால் பதற்றப்படத் தேவையில்லை. லைசன்ஸையும் மீனையும் பார்க்கவே வருகிறார். பெட்டியைத் திறந்து காட்டுங்கள், தெரியாததை அவரிடமே கேளுங்கள்.

சாப்பிடுவதைப்பற்றி ஒன்று, குறிப்பாகப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு. எந்த ஏரியின் எந்த மீனை, எவ்வளவு நீளமென்றால், மாதத்துக்கு எத்தனை தடவை உண்ணலாம் என்று மாகாண அரசு ஒரு வழிகாட்டியை வெளியிடுகிறது. பெரிய, வயதான, மற்ற மீன்களைத் தின்னும் மீனில் பாதரசம் கூடச் சேர்ந்திருக்கும். சிறுவர்களுக்கும் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கும் அளவு தனியாகவும் குறைவாகவும் போட்டிருக்கிறது. சிறிய பேர்ச் போன்றவற்றைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, பெரியதைப் படம் எடுத்துவிட்டுத் தண்ணீரில் விடுவது உடம்புக்கும் ஏரிக்கும் நல்லது.

இரண்டு மூன்று கோடை போனால் படகு ஆசை வரும். மோட்டார் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஓட்டுபவருக்கு உல்லாசப்படகு ஓட்டுநர் அட்டை வேண்டும். பரீட்சை ஒரு தடவை எழுதினால் போதும், அட்டை காலாவதியாவதில்லை. 10 குதிரைவலு அல்லது அதற்கு மேற்பட்ட மோட்டார் என்றால் படகுக்கும் லைசன்ஸ் இலக்கம் எடுத்து அணியத்தின் (படகின் முன்பக்கத்தின்) இருபுறமும் எழுதவேண்டும். 6 மீற்றருக்குட்பட்ட படகில் ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜக்கெற், குறைந்தது 15 மீற்றர் மிதக்கும் எறிகயிறு, துடுப்பு அல்லது நங்கூரம், தண்ணீர் இறைக்க ஒரு வாளி அல்லது கைப்பம்பு, விசில், நீர்புகாத டோர்ச் வைத்திருங்கள். மது அருந்திவிட்டு படகு ஓட்டினால் கார் ஓட்டும் லைசன்ஸும் போகும்.

நான் முதல் தடவை ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுத்துத் தண்ணீரில் இறக்கப்போன நாளில், பின்னால் வரிசையில் நின்றவர் தன் வாகனத்தை நிறுத்திவிட்டு வேகமாக நடந்து வந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்து படகின் பின்பக்கத்தில் பெருவிரலை வைத்தார். விரல் உள்ளே போனது. தண்ணீர் வடிப்பதற்கான துளை. அதன் தக்கை வீட்டிலேயே கழற்றி வைத்தபடி கிடந்தது. தன் பெட்டியிலிருந்து உதிரித் தக்கை ஒன்றை எடுத்துத் திருகிவிட்டு, மோட்டாரைச் சாய்த்துப் பார்த்து, கட்டுப்பட்டிகளை அவிழ்க்கச் சொல்லி, நான் இறங்கும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து என்னிடம் எப்போதும் இரண்டு உதிரித் தக்கை இருக்கும். இதுவரை நான்கு பேருக்குக் கொடுத்திருக்கிறேன்.

பட்டி அவிழ்ப்பது, சாமான் ஏற்றுவது, தக்கை போடுவது எல்லாவற்றையும் தரிப்பிடத்திலேயே முடியுங்கள்; இறக்கும் சரிவில் நின்று செய்தால் வரிசையே காத்துக்கிடக்கும். திரும்பும்போது தக்கையைக் கழற்றுவது வெறும் பழக்கமல்ல. 2022 ஜனவரி 1 முதல், வீதியில் ஏற்றமுதல் படகின் தண்ணீரை வடித்து, ஒட்டிய செடி, சேறு, உயிரினம் எல்லாவற்றையும் அகற்றவேண்டும் என்பது ஒன்ராறியோச் சட்டம். ஏரிகளில் பரவும் வேண்டாத உயிரினமான வரிச்சிப்பியின் (சீப்ரா மஸல்) குஞ்சு கண்ணுக்குத் தெரியாது. ஒரு கோப்பைத் தண்ணீரில் அடுத்த ஏரிக்குப் போய்விடும்.

கரையிலிருந்து 30 மீற்றருக்குள் 10 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டக்கூடாது. நங்கூரமிட்ட படகையும் இறங்குதுறையில் தூண்டில் போடுபவரையும் கடக்கும்போது விலகி, மெதுவாகப் போங்கள். உங்கள் படகு எழுப்பும் அலைக்கு நீங்கள்தான் பொறுப்பு. நடு ஏரியில் யாராவது கையை உயர்த்தி அசைத்தால் கிட்டப் போய்ப் பாருங்கள். உயிராபத்தில் இருப்பவருக்கு, உங்களுக்குப் பேராபத்து இல்லாதவரை, உதவுவது சட்டப்படியும் கடமை. மோட்டார் நின்ற படகை இழுப்பதென்றால் இரண்டு படகிலும் எல்லோரும் ஜக்கெற் போட்டபிறகு, அணியத்தில் ட்ரெயிலர் கொளுவும் இரும்பு வளையத்தில் கயிற்றைக் கட்டி, நடைவேகத்தில் இழுங்கள். இழுபடும் கயிற்றின் நேரே யாரும் இருக்கவேண்டாம். பெற்றோல் காசு நீட்டுவார்கள். பெரும்பாலும் யாரும் வாங்குவதில்லை.

கடைசியாக, தயவுசெய்து, குளிர்ந்த தண்ணீர். மே மாதத்தில் வெயில் 20 பாகை காட்டும், தண்ணீர் அதில் பாதிகூட இல்லாமல் இருக்கலாம். நன்றாக நீந்தத் தெரியும் என்ற நம்பிக்கை அங்கே செல்லாது. மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லிக்கொடுத்த 1-10-1 கணக்கை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: விழுந்ததும் மூச்சிரைப்பை அடக்க 1 நிமிடம், கைகால் சொற்கேட்கும் 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலம் கிடைப்பது ஜக்கெற் போட்டிருப்பவருக்குத்தான். விழுந்தபிறகு அதை எடுத்து மாட்ட விரல்கள் வளையாது. ஆகவே கரையிலேயே மாட்டிக் கொளுவுங்கள், பிள்ளைகளுக்கு முதலில்.

புறப்படமுதல் எந்த ஏரி, எங்கே இறக்குகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரம் தாண்டியும் அழைப்பு வரவில்லையென்றால் 911ஐ அழைக்கச் சொல்லுங்கள். கரைக்கு வந்ததும், ட்ரெயிலரில் ஏற்ற முதல், அவருக்கு அழைத்து வந்துவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள்.