ஹேண்ட்கார்டு பேரலில் உரசுகிறதா? தாளை விட்டுப் பாருங்கள்

ரைஃபிளில் புது ஹேண்ட்கார்டு (பேரல் என்னும் குழலைச் சுற்றி, கையால் பிடிக்கும் உறை) மாட்டியதும், ஏ4 தாள் ஒன்றை நீளவாக்கில் இரண்டு முறை மடித்து, முன்பக்க வாய் வழியாக விட்டு, பேரலைச் சுற்றி நாலு பக்கமும் தள்ளிப் பாருங்கள். அதற்கு முன் ரைஃபிளின் தோட்டா அறையைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். மடித்த தாள் சுமார் 0.4 மி.மீ. கனம் வரும், அது சிக்கும் இடத்தில் இடைவெளி போதாது. மணல்மூட்டையில் வைத்து மேலிருந்து அழுத்தியும், ஸ்லிங்கை (தோள் பட்டையை) இழுத்துப் பிடித்தும் மறுபடி பார்ப்பதுதான் முக்கியம். சும்மா இருக்கும்போது தாராளமாகப் போன தாள் அப்போது நின்றுவிடலாம்.

சுடும்போது பேரல் அதிரும். கார்டு அதில் பட்டால், கை அழுத்தம் மாறும்போதெல்லாம் குண்டு படும் இடமும் மாறும். ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) திருகிப் பயனில்லை. கார்டின் திருகுகளைத் தளர்த்தி, நடுவில் நிறுத்தி, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

முன்முனை பேரலிலேயே உட்காரும் பழைய வகைக் கார்டுகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. ரைஃபிளின் கட்டை மரத்தால் ஆனது என்றால், சென்னையின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஊதும். மழை தொடங்கியதும் இன்னொரு முறை தாளை விடுங்கள்.