டர்பனிலிருந்து கோடு போட்டு லா செரேனாவைப் படிக்கும் வழி

தென் அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்தைப் பற்றி எழுதிவரச் சொன்னால், தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் உடனே மக்கள்தொகையைத் தேடுகிறார்கள். அது கிடக்கட்டும். அட்லஸை விரித்து ஸ்கேலை வையுங்கள்.

டர்பன் தெற்கே 30 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து மேற்கே, அட்லாண்டிக்கையும் பிரேசில், அர்ஜென்டினாவையும் தாண்டிப் பசிபிக் கரைவரை கோடு இழுங்கள். சிலியின் லா செரேனாவில் போய் முட்டும். ஒரே கோடு, ஒரே மழை என்று பிள்ளை சொல்லும். சொல்லட்டும். இரண்டு ஊர் மழையையும் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லுங்கள்: டர்பனில் வருஷத்துக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர், லா செரேனாவில் 100கூடத் தேறாது. நமக்குக் கோடையில் கொட்டும். அங்கே பெய்கிற கொஞ்சமும் குளிர்காலத்தில்தான்.

இப்போது கலர் பென்சில். நம் கரையோரம் வரும் அகுல்லாஸ் வெந்நீரோட்டத்துக்குச் சிவப்பு. சிலிக் கரையோரம் தெற்கிலிருந்து ஏறிவரும் ஹம்போல்ட் குளிர் நீரோட்டத்துக்கு நீலம். வெதுவெதுப்பான கடல் ஆவியாகி மேலே போய் மழையாகும். குளிர்ந்த கடலின் மேலே காற்றும் குளிர்ந்து, கனத்து, தாழவே கிடக்கும், மூடுபனியோடு சரி. அதை அங்கே கமாஞ்சாக்கா என்பார்கள். லா செரேனாவுக்கு வடக்கே எல் தோஃபோ மலையில் வலை கட்டி அந்தப் பனியைப் பிடித்து, 1990களில் சுங்குங்கோ என்ற மீனவக் கிராமத்துக்குக் குடிதண்ணீர் கொடுத்தார்கள். இதற்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள்; மார்க் இங்கேதான். நம்பாத பிள்ளைக்குப் போர்ட் நொலோத்தைக் காட்டுங்கள். நம் நாட்டின் மேற்குக் கரை, பெங்குவேலா குளிர் நீரோட்டம், அதே பனி, அதே வறட்சி.

மழை இல்லாத ஊருக்குத் தண்ணீர் ஆண்டிஸிலிருந்து இறங்கும் எல்கி ஆற்றில் வருகிறது. மூடுபனி எட்டாத உயரத்தில் செரோ தொலோலோ வானாய்வகம். ஒரு வரி போதும்.

கடைசியாக, ஊர் பிறந்த கதை. நம் குடும்பக் கதைகளை 1860-இல் இந்தியத் தொழிலாளர்களை டர்பனுக்கு முதலில் கொண்டுவந்த ட்ரூரோ கப்பலிலிருந்து தொடங்கிப் பழகிய பிள்ளைகள், இந்த ஊரையும் ஸ்பானியரிலிருந்தே தொடங்கிவிடுவார்கள். விடாதீர்கள். அந்தப் பள்ளத்தாக்கில் முன்பே வாழ்ந்த தியாகீதா மக்கள் முதல் வரியில் வரவேண்டும். பிறகு 1544: சாந்தியாகோவுக்கும் பெருவுக்கும் நடுவே தங்கிப்போக ஓர் இடம் வேண்டுமென்று சிலியைக் கைப்பற்ற வந்த ஸ்பானியத் தளபதி வால்டிவியாவின் உத்தரவில் ஊர் எழுந்தது. பூர்வகுடிகள் அதை அழித்தார்கள். 1549 ஆகஸ்ட் 26 அன்று பிரான்சிஸ்கோ தெ அகிர்ரே மறுபடி நிறுவினார். இரண்டு வருஷத்தையும் எழுதுங்கள். ஒன்றை விட்டால் டீச்சர் கையில் இருக்கும் புத்தகம் மற்றதைச் சொல்லும்.