நோட்டீஸ்ல ஆளு எது, மனசு எது, கணக்கு எது: பசங்களுக்கு சொல்லிக்கொடுக்கிறது எப்படி

ஒன்பதாங்கிளாஸ் பசங்களுக்கு விளம்பரத்தைப் பிரிச்சு மேய சொல்லிக்கொடுக்கணும்னா மொத நாளே போர்டுல அரிஸ்டாட்டில், ஈத்தோஸ், பாத்தோஸ், லோகோஸ்னு எழுதிறாதீங்க. நான் எழுதினேன். அழகா நோட்டுல ஏத்திக்கிட்டாய்ங்க, மறுநாள் கேட்டா ஈத்தோஸ்னா பேஸ்ட்டு பேரா சார்ங்கிறான் ஒருத்தன்.

அரிஸ்டாட்டில்ங்கிற அந்த கிரேக்க அறிஞர் 2300 வருஷத்துக்கு முன்னாடி சொன்னது ரொம்ப லேசான விஷயம் தான். அடுத்தவனை நம்ம பேச்சுக்கு இழுக்கணும்னா பேசுற ஆள் மேல நம்பிக்கை வரணும், கேக்குறவன் மனசு அசையணும், சொல்றதுக்கு ஆதாரம் இருக்கணும். நான் ஈத்தோஸை ஆளு, பாத்தோஸை மனசு, லோகோஸை கணக்குன்னு வச்சுக்கிட்டேன், கடைசி பெஞ்சு வரைக்கும் நிக்குது. கிரேக்கப் பேரெல்லாம் கடைசி நாள் சொன்னா போதும்.

சாமான்னு பாத்தா காசு செலவே இல்ல. பேப்பருக்குள்ள வச்சு வர்ற நோட்டீஸை ஒரு வாரம் தூக்கிப் போடாம கொண்டாரச் சொல்லுங்க. ஆடி மாசமோ தீபாவளி நேரமோ ஆனா சொல்லவே வேணாம், எங்க மதுரையில ஜவுளிக்கடை இருக்கிற விளக்குத்தூண் பக்கம் ஒரு நடை போயிட்டு வந்தா கை நிறைய திணிச்சு விட்ருவாய்ங்க. அப்புறம் ஸ்கெட்ச் பேனா மூணு, ஆளுக்கு நீலம், மனசுக்கு சிவப்பு, கணக்குக்கு பச்சை.

ஆரம்பிக்கும்போது "எந்த விளம்பரத்தைப் பாத்து ஏமாந்தீங்க"ன்னு கேட்டா ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான், அதனால மொதல்ல நீங்க ஏமாந்ததைச் சொல்லுங்க. நான் சொல்றது அம்மாவுக்கு சேலை எடுத்த கதை. கடை வாசல்ல 50%+20% தள்ளுபடின்னு பெருசா போட்ருந்தான், ஆக 70 போச்சுன்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டு 2000 ரூபா சேலையை எடுத்துட்டேன், 600 தான் வரும்னு நிக்கிறேன், பில்லு 800. மொதல்ல பாதி போய் 1000 ஆகும், அந்த ஆயிரத்துல தான் 20% கழியும், மொத்தமே 60% தான். கடைக்காரன் பொய் சொல்லல, கூட்டினது நானு. இதை போர்டுல போட்டு பசங்களையே கழிக்கச் சொல்லுங்க, அதுக்கப்புறம் அவனவன் கதை தானா வரும்.

அடுத்து ஒரு நோட்டீஸை எல்லாரும் சேந்து கலர் அடிக்கணும். வீட்டுமனை பிளாட் விக்கிற நோட்டீஸ் தான் இதுக்கு தோது. நாங்க எடுத்ததுல இருந்தது இவ்வளவு தான்: "உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் தரும் சொத்து! 15 ஆண்டு நம்பிக்கை. ரிங் ரோட்டிலிருந்து 5 நிமிடம். இன்னும் 6 பிளாட்டுகள் மட்டுமே." பிள்ளைகளுக்கு சொத்து சிவப்பு, 15 ஆண்டு நீலம், அதுல சண்டையே இல்ல. 5 நிமிடத்துக்கு பாதி கிளாஸ் பச்சைங்குது, ஒரு பொண்ணு எந்திரிச்சு "நடந்தா சார், பைக்லயா சார்?"னு கேட்டா பாருங்க, அன்னைக்குப் பாடமே அது தான். கிலோமீட்டர் போட்டா பச்சை, நிமிஷம் போட்டா பச்சை பூசின சிவப்பு. அந்த 6 பிளாட்டும் அப்படித்தான், நம்பர் மாதிரி இருக்கும் ஆனா வேலை செய்யிறது "போயிருமோ"ங்கிற பயத்துல. மூணு வாரம் கழிச்சு அதே நோட்டீஸ் வந்துச்சு, அப்பவும் ஆறு தான் பாக்கி.

இங்க ரெண்டு பீரியடாவது நில்லுங்க. நம்பர் இருந்தாலே கணக்குன்னு எடுத்துக்கிறது தான் பசங்க பண்ற பெரிய தப்பு, பெரியவங்களும் தான்.

கலர் அடிச்சதும் பென்சிலால சிவப்பை அடிச்சுட்டு படிக்கச் சொல்லுங்க, அப்புறம் நீலத்தையும். என்ன மிச்சம் இருக்குன்னு பாக்கணும். பாதி நோட்டீஸ்ல போன் நம்பர் தான் மிஞ்சும்.

சட்டம் ரெண்டு சொல்லி வைங்க. 48 நாள்ல சர்க்கரை குணம்னு ஒட்டிருப்பாய்ங்கல்ல, அப்படி மருந்துக்கு விளம்பரம் பண்ணவே கூடாதுன்னு 1954லயே சட்டம் இருக்கு. அப்புறம் 2022ல மத்திய அரசு போட்ட விதிப்படி விளம்பரம் எந்த மொழியோ அதே மொழியில, அதே எழுத்து வடிவத்துல (ஃபான்ட்) தான் நிபந்தனையும் இருக்கணும். நட்சத்திரம் போட்டு எறும்பு சைஸ்ல எழுதிருக்கிறதை தேடச் சொன்னா பயலுக லென்ஸே கொண்டு வந்துர்றாய்ங்க.

ஒண்ணு கவனிங்க, இந்த இடத்துல பசங்க மனசைத் தொட்டாலே பொய்யின்னு முடிவு கட்டிருவாய்ங்க. பெரியாஸ்பத்திரியில இருக்கிற ஒருத்தருக்கு அவசரமா ஓ நெகட்டிவ் ரத்தம் வேணும்னு வர்ற மெசேஜும் சிவப்பு தான், அதுல வார்டும் போன் நம்பரும் இருந்து, போன் போட்டா எடுத்துப் பேசுறாங்கன்னா பச்சையும் இருக்கு. "இதை 10 பேருக்கு அனுப்புங்க, ஒரு பெரிய டாக்டர் சொன்னது"ன்னு வர்றதுல அந்த டாக்டருக்குப் பேரே இருக்காது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுங்க.

இதுக்கு நம்ம ஊர்லயே நடந்த வழக்கு ஒண்ணு இருக்கே, கண்ணகி வழக்கு. விரிச்ச தலையும் கண்ணீருமா பாண்டியன் முன்னாடி வந்து நிக்கிறா, அது மனசு. யாரு நீன்னு கேட்டதும் புறாவுக்காக தன் உடம்பை அறுத்த ராஜா, கன்னுக்குட்டிக்காக பெத்த மகனையே தேர்க்கால்ல இட்ட ராஜா, அவங்க ஆண்ட புகார் தான் என் ஊருங்கிறா, அது ஆளு. ஆனா அழுகையோட நிறுத்தியிருந்தா வழக்கு ஜெயிச்சிருக்காது. ராஜா தன் வாயாலயே எங்க சிலம்புல இருக்கிறது முத்துன்னு சொல்ல, இவ தன் சிலம்பை உடைச்சா மாணிக்கம் தெறிக்குது. பச்சை.

பரீட்சைக்கு டெஃபனிஷன் கேக்காதீங்க. பாக்காத நோட்டீஸ் ஒண்ணைக் கொடுத்து, இதுல எந்த ஒரு வரியை அடிச்சா விளம்பரமே படுத்துரும், ஏன்னு நாலு வரி எழுதச் சொல்லுங்க. எந்த வரின்னு சொன்னதுக்கு ஒரு மார்க், ஏன்னு எழுதினதுக்கு நாலு மார்க். கட்சி நோட்டீஸை மட்டும் எலெக்‌ஷன் முடியிற வரைக்கும் கிளாஸ் பக்கம் கொண்டு வராதீங்க, கலர் அடிக்கிறதுக்கு முன்னாடியே கட்சிக் கலர்ல சண்டை வந்துருது.