காந்தி கண்ணாடி செய்வோம்: நூறாண்டுப் பழைய வட்டக் கம்பிக் கண்ணாடி, இன்றைய பொருள்களில்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த படங்களில் இரண்டு சின்ன வட்டம், மெல்லிய கம்பி, காதைச் சுற்றி வளையும் பக்கக் கம்பி என்று ஒரு கண்ணாடியைப் பார்த்திருப்பீர்கள். நம் பேச்சில் ‘காந்தி கண்ணாடி’ என்றால் போதும். அதைத்தான் செய்யப் போகிறோம். மௌனப் பட நகைச்சுவை நடிகர் ஹெரால்ட் லாயிட் போட்டிருந்த தடித்த வட்ட ஃபிரேம் வேறு வகை. அது தகட்டில் அறுத்துச் செய்வது, இன்னொரு நாள் பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் வட்டத்தின் மேல்தான் கண் போகும். ஆனால் இந்தக் கண்ணாடியின் உயிர் மூக்குப் பாலத்தில் இருக்கிறது. இன்றைய ஃபிரேம்களில் இருப்பது போன்ற சின்ன மூக்குப் பட்டைகள் இதில் கிடையாது; வளைந்த கம்பி நேராக மூக்குத்தண்டின் மேல் உட்காரும். அது சரியாக அமையாவிட்டால் மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அலமாரியில் வைக்கத்தான் ஆகும்.

என்னென்ன வேண்டும்

ரிம்முக்கு, அதாவது லென்ஸைச் சுற்றிப் பிடிக்கும் வளையத்துக்கு, 1.2 மி.மீ. பித்தளைக் கம்பி, பாலத்துக்கு 1.6 மி.மீ. பித்தளைக் கம்பி, பக்கக் கம்பிக்கு 1 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, அதன்மேல் சுற்ற 0.3 மி.மீ. பித்தளைக் கம்பி. பழைய ஃபிரேம்களில் எஃகு, ஜெர்மன் சில்வர் (வெள்ளி இல்லாத செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை), மேலே தங்கத் தகடு பொதிந்த உலோகம் எல்லாம் உண்டு. ஜெர்மன் சில்வர் பித்தளையைவிட விறைப்பானது. ஆனால் அதில் நிக்கல் இருப்பதால் சிலருக்குத் தோல் அரிக்கும். முதல் முயற்சிக்குப் பித்தளையே போதும்.

லென்ஸ் அந்தக் காலத்தில் உண்மையான கண்ணாடி. நமக்கு சிஆர்-39 (கொலம்பியா ரெசின் 39) என்ற பிளாஸ்டிக். 1940-இல் உருவான இந்தப் பிசினுக்கு, சோதனை வரிசையில் 39-ஆவதாக வந்ததால் அந்தப் பெயர். எடை குறைவு, அரத்தால் தேய்ப்பதும் எளிது. 40 மி.மீ. விட்டம், ஓரத்தில் குறைந்தது 2.5 மி.மீ. தடிமன் இருக்கும்படி கண்ணாடிக் கடையில் வெட்டித் தரச் சொல்லுங்கள். பவர் உள்ளதோ இல்லாததோ, வட்டமாக இருக்கட்டும்.

இவை தவிர வட்ட மூக்குக் குறடு, ஊசி அரங்கள், சின்ன கேஸ் டார்ச், வெள்ளிப் பற்றாசு (உருகி இரண்டு கம்பியை ஒட்டவைக்கும் உலோகம்), வெண்காரம் (போராக்ஸ்), வெப்பம் தாங்கும் செங்கல், 1.4 மி.மீ. திருகும் நட்டும் இரண்டு.

படி 1: மூக்கை அளப்பது

இங்கே அவசரப்படாதீர்கள். மெல்லிய அலுமினியக் கம்பித் துண்டு ஒன்றை, கண்ணாடி உட்கார வேண்டிய இடத்தில் மூக்கின் குறுக்கே வைத்து இரண்டு விரலால் அழுத்துங்கள். வடிவம் கலையாமல் எடுத்துக் கட்டத் தாளில் வைத்து வரைந்துகொள்ளுங்கள். மூன்று முறை செய்து பாருங்கள். மூன்றும் ஒன்றாக வந்தால் அதுதான் உங்கள் மூக்கு.

அடுத்து, கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரம். அதிலிருந்து லென்ஸின் விட்டத்தைக் கழித்தால் பாலத்தின் அகலம். தூரம் 62 என்றால், 62 − 40 = 22 மி.மீ. இது தப்பினால் கண்மணி லென்ஸின் நடுவுக்கு நேராக வராது.

படி 2: லென்ஸில் பள்ளம்

லென்ஸின் ஓரத்தைச் சுற்றி, நடுவில், வட்ட ஊசி அரத்தால் 0.5 மி.மீ. ஆழத்தில் பள்ளம் போடுங்கள். கம்பி இதில்தான் உட்காரும். முதலில் பேனாவால் நடுக்கோடு வரைந்துகொண்டால் அரம் அலையாது. பொடி மெல்லியதாகப் பறக்கும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். வட்டம் புதியவர்களுக்கு வசதியான வடிவம்: லென்ஸ் வளைவாக இருந்தாலும் வட்டமாக வெட்டிய ஓரம் ஒரே தளத்தில் நிற்கும், அதனால் ரிம்மை முறுக்க வேண்டியதில்லை.

படி 3: ரிம்

பள்ளத்தின் அடி விட்டம் 39 மி.மீ. கம்பியின் நடுக்கோட்டில் கணக்குப் போட்டால் 39 + 1.2 = 40.2, அதை 3.14-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 126 மி.மீ. முனைகளுக்கு நடுவே பக்கக் கம்பி நுழைய 2 மி.மீ. விட்டு, வட்டத்துக்கு 124. இரு முனைக்கும் 12 மி.மீ. வீதம் கூட்டி வெட்டுங்கள்.

கம்பியை மங்கலான சிவப்பு வரும்வரை சுடவைத்துத் தண்ணீரில் போட்டால் வளைக்க எளிதாக மிருதுவாகிவிடும். 37 மி.மீ. விட்டமுள்ள குழாயில் சுற்றுங்கள். விட்டதும் அது கொஞ்சம் விரிந்துகொடுக்கும். மீதியுள்ள முனைகளை வெளிப்பக்கம் திருப்பி, 1.5 மி.மீ. துளைக்கருவித் தண்டில் சுற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு சின்ன வளையங்களாக்குங்கள்.

படி 4: பாலம்

1.6 மி.மீ. கம்பியைத் தாளில் வரைந்த வடிவத்துக்கு வளைத்து, மூக்கில் படும் நடுப்பகுதியைச் சுத்தியலால் தட்டி 1 மி.மீ. அளவுக்குப் பட்டையாக்குங்கள். உருண்டைக் கம்பி மூக்கை அறுக்கும், பட்டை பாரத்தைப் பரப்பும். ஓரங்களை உப்புத்தாளால் மழுக்கிவிடுங்கள்.

நான் செய்த முதல் கண்ணாடியில் பாலம் லென்ஸ்களின் தளத்திலேயே இருந்தது. ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் இமைமயிர் லென்ஸைத் துடைத்துவிட்டுப் போகும்! பாலத்தின் மேல் வளைவை 2 மி.மீ. முகப்பக்கம் தள்ளினேன், லென்ஸ்கள் முன்னால் நகர்ந்தன, தொல்லை தீர்ந்தது. மூக்குத்தண்டு தாழ்வாக உள்ளவர்களுக்கு இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டியிருக்கும்.

பட்டையின் அடியில் லேசாக லிப்ஸ்டிக் தடவி மூக்கில் வைத்து எடுங்கள். கறை ஒரே கோடாக விழுந்தால் சரி. இரண்டு புள்ளியாக விழுந்தால் அந்த இடங்களில் மட்டும்தான் பாரம் இறங்குகிறது. திரும்பவும் வளைக்க வேண்டும்.

படி 5: பற்றவைப்பது

பொடிவைத்து ஊதுவது என்பார்களே, அதே வேலைதான். லென்ஸ்களைத் தூர வையுங்கள். ரிம்களையும் பாலத்தையும் கட்டத் தாளின் அளவுப்படி செங்கல்மேல் குண்டூசியால் நிறுத்தி, இணைப்பில் வெண்காரக் குழம்பு தடவி, கடுகில் பாதி அளவு பற்றாசு வையுங்கள். தீயை முதலில் தடித்த பாலத்தில் காட்டுங்கள், பற்றாசில் அல்ல. இரண்டு கம்பியும் ஒன்றுபோலச் சூடானதும் பற்றாசு பளிச்சென்று உருகி இடுக்கில் ஓடும். அந்த நொடியே தீயை எடுத்துவிடுங்கள். தாமதித்தால் ரிம்மே உருகும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் வெறுங்கண்ணோடு இதைச் செய்ய வேண்டாம், ஜன்னலும் திறந்திருக்கட்டும். கறுப்பு போக வெதுவெதுப்பான சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

படி 6: பக்கக் கம்பி

எஃகுக் கம்பியில் 170 மி.மீ. வெட்டி, ஒரு முனையில் 1.5 மி.மீ. வளையம், மறு முனை குத்தாதபடி சின்னச் சுருட்டு. கடைசி 65 மி.மீ. நீளத்துக்கு மெல்லிய பித்தளைக் கம்பியை நெருக்கமாகச் சுற்றுங்கள்; ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் பிடிக்கும். கையால் சுற்றினால் பொறுமை போய்விடும். துளைக்கருவியில் எஃகுக் கம்பியை மாட்டி மெதுவாகச் சுழலவிட்டால் ஐந்து நிமிட வேலை. அப்புறம் காதின் பின்புறத்துக்கு ஏற்ப வளையுங்கள். தோல் உறுத்தினால் மெல்லிய சிலிகோன் குழாயைப் போர்த்தலாம். பழைமை கொஞ்சம் குறையும், காது நிம்மதியாக இருக்கும்.

படி 7: பூட்டுவது

லென்ஸை ரிம்மில் உட்காரவைத்து, ரிம்மின் மேல் வளையம், பக்கக் கம்பியின் வளையம், ரிம்மின் கீழ் வளையம் மூன்றிலும் ஒரே திருகை விட்டு நட்டால் இறுக்குங்கள். கீலும் அதுவே, லென்ஸைப் பிடிக்கும் பூட்டும் அதுவே. இந்தக் கீலுக்குத் தடுப்பு இல்லை. கழற்றி வைத்தால் கம்பி தொளதொளவென்று வெளியே சாயும். காதைச் சுற்றிப் பிடிப்பதால் முகத்தில் இருக்கும்போது அது தெரியாது.

சிலிண்டர் பவர் (சிதறல் பார்வையைச் சரிசெய்யும் பவர்) உள்ளவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வட்ட லென்ஸ் ரிம்முக்குள் சுழலும். சுழன்றால் அச்சு மாறிப் பார்வை மங்கும். கடையில் அச்சைக் குறித்து வாங்கி, குறி சரியான கோணத்தில் நிற்கும்போது நட்டை இறுக்கி, பள்ளத்தில் ஒரு துளி ஒளிபுகும் பசை விடுங்கள். நட்டின்மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்தால் அது தானாகக் கழலாது.