போர்க்களத்தில் கண்ணில் காயம்பட்டவருக்கு முதலுதவி

வெடிப்பில் பறந்துவரும் உலோகச் சில்லு, கல், மண் ஆகியவையே போர்க்களத்தில் பெரும்பாலான கண் காயங்களுக்குக் காரணம். உடற்பரப்பில் கண்களின் பங்கு ஆயிரத்தில் ஒன்று அளவே என்றாலும், ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் காயமடைந்த அமெரிக்கப் படையினரில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்குக் கண்ணிலும் காயம் இருந்தது.

முதலில் உயிரைக் காக்க வேண்டும். இரத்தப்போக்கை நிறுத்தி, மூச்சுத் தடையின்றி வருவதை உறுதிசெய்த பிறகே கண்ணுக்கு வர வேண்டும். காயம்பட்ட கண்ணால் எழுத்தைப் படிக்க முடிகிறதா, விரல்களை எண்ண முடிகிறதா, கையசைவாவது தெரிகிறதா, வெளிச்சமாவது தெரிகிறதா என்று அதே வரிசையில் கேட்டு, விடையை நேரத்துடன் காய அட்டையில் (காயம்பட்டவரின் விவரங்களை எழுதி அவரோடு அனுப்பும் அட்டை) எழுதுங்கள். இமை வீங்கி மூடியிருந்தால் பலவந்தமாகத் திறக்கக் கூடாது. கண் தானே திறந்திருந்து, வட்டமாக இருக்க வேண்டிய பாப்பா (கண்ணின் நடுவிலுள்ள கரிய துளை) நீர்த்துளிபோல ஒரு பக்கம் கூம்பியிருந்தால், அந்தக் கூர்முனை இருக்கும் பக்கத்தில் விழி கிழிந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இனி நான் சொல்வதை எக்காரணம் கொண்டும் மீற வேண்டாம்: கண்ணை எதுவும் அழுத்தக் கூடாது. விழியின் சுவர் தடிமனான இடத்திலும் ஒரு மில்லிமீட்டர் அளவே. அது கிழிந்திருக்கும்போது மேலே பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டினால், உள்ளிருக்கும் கூழும் விழித்திரையும் அந்தக் கிழிசல் வழியே பிதுங்கிவிடும். இரத்தத்தைக் கண்டதும் அழுத்திப் பிடிக்கத் துடிப்பது நல்லெண்ணத்தால்தான் என்றாலும், காப்பாற்றியிருக்கக்கூடிய பார்வை அதனாலேயே பறிபோகலாம். குழிவான கெட்டிக் கவசம் ஒன்றைப் புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் ஊன்றி வைத்து ஒட்டுங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இமைக்கும் கவசத்துக்கும் நடுவே இடைவெளி தெரிய வேண்டும். கவசம் இல்லையென்றால் அவருடைய பாதுகாப்புக் கண்ணாடியையே மாட்டிவிடலாம், அல்லது கெட்டியான காகிதக் குவளையின் அடிப்பாகத்தை வெட்டி வைக்கலாம். குத்தி நிற்கும் சில்லைப் பிடுங்காமல் அதையும் உள்ளடக்கியே மூடுங்கள். சொட்டு மருந்தோ களிம்போ வேண்டாம்.

வாந்தியெடுத்தாலும் கண்ணின் உள்ளழுத்தம் ஏறும் என்பதால் அதைத் தடுக்கும் மருந்தையும், விழுங்க முடிந்தால் ஆன்டிபயாடிக் மாத்திரையையும் மருத்துவ உதவியாளர் தர வேண்டும். முதுகெலும்புக் காயமோ, இரத்த ஓட்டம் குன்றிய அதிர்ச்சி நிலையோ (ஷாக்) இல்லையென்றால் தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள்.

இரசாயனம் பட்ட கண்ணுக்கு முறை வேறு: கவசத்துக்குக் காத்திராமல் உடனே ஏராளமான சுத்தமான நீரால் கழுவ வேண்டும். காயமின்றி இருக்கும் மறு கண்ணைத் திறந்தே விடுங்கள். இரண்டையும் மூடிவிட்டால் தானாக நடந்து ஒதுங்கக்கூடியவரையும் தூக்கிச் செல்ல வேண்டியதாகிவிடும். கிழிந்த விழியை 24 மணி நேரத்துக்குள் தைத்துவிட்டால் உள்ளே சீழ்பிடிக்கும் ஆபத்து குறையும் என்பதால், கண் அறுவை மருத்துவர் இருக்கும் இடத்துக்கே அவரை அந்தக் காய அட்டையோடு அனுப்புங்கள்.